தட்டில் இல்லாத கீறல்

என் மேசை இழுப்பறையில் ஒரு சின்ன இசைத்தட்டு இருக்கிறது. விரித்த கையைவிடக் கொஞ்சம் பெரியது. பழைய பாட்டுப் பெட்டிகளில் மாட்டுவதற்காக நடுவில் பெரிய ஓட்டை. சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் எண்ணெய் தடவியதுபோல மின்னும். எத்தனையோ வருடமாகியும் அதில் ஒரு கீறல் கிடையாது. ஆனால் விவரம் தெரிந்தவர்கள் யார் பார்த்தாலும் அரை நிமிடத்தில் உதட்டைப் பிதுக்கிவிடுவார்கள். போன மாதம் பெட்டாலிங் ஜெயாவிலிருந்து செமினிக்கு என்னைத் தேடி வந்த ஒரு பையன், கணினி வேலை பார்ப்பவன், பழைய இசைத்தட்டுப் பித்து பிடித்தவன், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அங்கிள், சாரி லா. இது டூப்ளிகேட்டு," என்றான். இழவு வீட்டில் பேசுகிற குரலில் சொன்னான். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அது போலி என்று தெரிந்துதான் வாங்கினேன். அசலைக் கொடுக்கிறேன், மாற்றிக்கொள் என்று யார் வந்தாலும் மாற்றமாட்டேன். காரணம் என் அண்ணி.

அண்ணி கோலாலம்பூரில் ஒரு பெரிய அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தார். எழுபதுகளில் வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் ஆபரேட்டர் வழியாகத்தான் பேச வேண்டும். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் ஒயரைப் பிடுங்குவதும் செருகுவதுமாக இருப்பார்கள். மற்ற பெண்கள் குரலைக் கேட்பார்கள். அண்ணி குரலுக்குப் பின்னால் இருக்கும் இரைச்சலைக் கேட்பார். மறுமுனையில் ஆள் வாயைத் திறக்கும் முன்பே இது ஈப்போ, இது கிள்ளான், அங்கே மழை பிடித்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஒருநாள் நான் அவரைச் சோதிப்பதற்காக, நான் வேலை பார்த்த போர்ட் கிள்ளான் துறைமுகத்திலிருந்து போன் போட்டுவிட்டு மூச்சு விடாமல் நின்றேன். "என்ன தம்பி, இன்னிக்கு கேட் போன விட்டுட்டு கேன்டீன் போன்ல நிக்கற? கேட் போன் ரிப்பேரா?" என்றார். துறைமுக வாசலில் இருக்கும் கேட் போன் அன்று காலையில்தான் ரிப்பேராகியிருந்தது.

அண்ணன் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். எங்கள் அப்பா சாகும்வரை செந்தூல் ரயில் பட்டறையில் இருந்தார். பெரியப்பா, சித்தப்பா எல்லாருமே ரயில்வேதான். தண்டவாளம் போட்ட இடத்துக்குத்தான் ரயில் போகும், எனக்கு அது போதாது என்று அண்ணன் மட்டும் கப்பலேறினார். கல்யாணம் ஆனதும் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். கீழே பூக்கடை. ஊருக்கு வரும்போதெல்லாம் அண்ணன் பெட்டியில் சின்ன இசைத்தட்டுகள் இருக்கும். எல்லாம் அமெரிக்காவில் கறுப்பின மக்கள் பாடிய சோல் பாட்டுகள். தேவாலயத்தில் கடவுளைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டைகள், அதே வேகத்தோடு காதலனைக் கூப்பிட்டால் எப்படியிருக்கும், அப்படி இருக்கும் அந்தப் பாட்டுகள். அண்ணிக்கு அதில் பெரிதாகப் பிடிப்பு ஒன்றும் இல்லை. ஒரே ஒரு தட்டு விதிவிலக்கு. பேர் எடுக்காத ஒரு பெண், பேர் எடுக்காத ஒரு சின்னக் கம்பெனிக்குப் பாடியது. கொஞ்சம்தான் அச்சடித்தார்களாம், அதற்குள் கம்பெனியை மூடிவிட்டார்களாம். அந்தப் பெண் இரண்டாவது சரணத்தில் குரலை இறக்கி, மத்தளம் மட்டும் கேட்க, மூச்சு வாங்குவாள். அந்த இடம் வரும்போது அண்ணி கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிடுவார்.

அண்ணன் கடைசியாகக் கிளம்பிய காலையில் அந்தப் பாட்டுத்தான் ஓடிக்கொண்டிருந்தது. டாக்சி கீழே ஹாரன் அடித்தது. அண்ணன் அவசரத்தில் கித்தான் பையைத் தூக்கித் தோளில் போட்டார். பையின் வார் பிளேயரில் மாட்டி, முள் தட்டின்மேல் கிரீச்சென்று ஓடியது, சரியாக அந்த மூச்சு வாங்கும் இடத்தில். அண்ணி அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? ஒரு பொருள வீட்ல உருப்படியா வெக்க முடியுதா?" என்று கத்தினார். அண்ணன் சிரித்துக்கொண்டே படியிறங்கினார். "கத்தாத லா. வரும்போது புதுசா ஒன்னு வாங்கிட்டு வரேன்." நான் அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் இறங்கினேன். ஐந்தாறு மாதம் கழித்து, பேர்கூட எங்கள் வாயில் நுழையாத ஒரு துறைமுகத்தின் ஆஸ்பத்திரியில், காய்ச்சலில் அண்ணன் செத்துப்போனார். அங்கேயே காரியமும் முடிந்துவிட்டது. எங்களுக்கு ஒரு பெட்டி மட்டும் வந்தது.

அம்மாவும் நானும் அண்ணியோடு பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கே குடிவந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் தலைக்குக் குளித்துவிட்டு முடியைக் காயவைக்கும் நேரத்தில் அண்ணி அந்தத் தட்டைப் போடுவார். இரண்டாவது சரணத்தில், மத்தளம் மட்டும் கேட்கும் இடத்தில், கீறல் மூன்று முறை தட்டும். டிக், டிக், டிக். மூன்றாவது மட்டும் கொஞ்சம் மெலிதாக விழுந்து, அதன் வாலில் ஸ்ஸ் என்று ஒரு இழுப்பு இருக்கும். வார் இழுத்துக்கொண்டு போன இடம் அது. அண்ணி சீப்பைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருப்பார். அவர் வாய்க்கு ஒரு காலத்தில் தெருவே பயப்படும். பூக்கடைக்காரர் பிரிக்பீல்ட்ஸிலேயே சத்தமான மாடி எங்கள் மாடிதான் என்று கிண்டல் செய்வார். அந்த வாய் யாரையும் திட்டுவதை நிறுத்திவிட்டது என்பதை நான் வெகுநாள் கவனிக்கவே இல்லை. பெரிய மனுஷியாகிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். நமக்குத்தான் மண்டையில் சீக்கிரம் எதுவும் ஏறாதே.

நான் போர்ட் கிள்ளானில் டாலி கிளார்க். கப்பலில் ஏறுகிற, இறங்குகிற சரக்கை எண்ணிக் குறிக்கும் வேலை. ஒருமுறை ரப்பர் ஏற்ற வந்த ஒரு கப்பலின் ஒயர்லெஸ் ஆபீசர், வெள்ளைக்காரர், சோல் பாட்டென்றால் உயிரை விடுகிறவர் என்று தெரியவந்தது. என்னால் சும்மா இருக்க முடியவில்லை. எங்கள் வீட்டில் இன்ன கம்பெனித் தட்டு இருக்கிறது என்று பீற்றிக்கொண்டேன். அவர் கண் விரிந்த விதத்தைப் பார்த்தால் யாருக்கும் தலை கனத்திருக்கும். "ஒரே ஒரு நாள், என் கேபினில் போட்டுக் கேட்டுவிட்டுத் தருகிறேன்," என்றார். அண்ணி வேலைக்குப் போயிருந்த சமயம் பார்த்து எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தேன். கேட்டால் தருவாரோ மாட்டாரோ என்றுதான் கேட்கவில்லை.

கப்பல் எப்போது கிளம்பும் என்று எனக்குத் தெரியாதா? நான்தானே ரப்பர்க் கட்டுகளைப் பேல் பேலாக எண்ணுகிறேன். இன்னும் ஏற்ற வேண்டியது இவ்வளவு, மத்தியானம் மழை வரும், மழை வந்தால் கப்பலின் சரக்கறை வாயை மூடிவிடுவார்கள், ரப்பர் நனையக்கூடாது, ஆக மறுநாள் காலைவரை இழுக்கும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டிருந்தேன். போர்ட் கிள்ளானில் வேலை செய்கிற எங்கள் எல்லாருக்கும் மத்தியான மழைதான் கடிகாரம். அன்றைக்கு மழை வரவில்லை. ஒரு தூறல்கூட இல்லை. மூன்று மணி ஷிஃப்டுக்கு நான் போய் நின்றபோது கப்பல் கட்டியிருந்த இடத்தில் தண்ணீர்தான் இருந்தது. வெயிலில் பளபளவென்று மின்னிக்கொண்டிருந்தது.

அன்று வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வீடு திரும்பி, சாயந்தரம் அண்ணி வேலை முடிந்து வந்ததும் உண்மையைச் சொல்லிவிட்டேன். பயிற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தி ஒரு நிமிடம் நின்றது. பிறகு மறுபடி நறுக்க ஆரம்பித்தார். "சாப்ட்டியா?" என்றார். அவ்வளவுதான். அம்மா என்னைப் போடு போடு என்று போட்டார், அண்ணி ஒரு வார்த்தை திட்டவில்லை. அன்றைக்கு அவர் என்னைக் கன்னத்தில் அறைந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். கப்பல் கம்பெனிக்கு மூன்று கடிதம் எழுதினேன். பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணி பிளேயரைத் திறக்காமல் முடியைக் காயவைத்தார்.

அப்படித்தான் நான் இசைத்தட்டுக்காரன் ஆனேன். கிள்ளானில், பிரிக்பீல்ட்ஸில், பழைய சாமான் விற்கும் பாசார்களில், எங்கே பெட்டியைக் கண்டாலும் குந்தி உட்கார்ந்து கிளறுவேன். அந்தச் சமயத்தில் இங்கிலாந்தில் இந்த மாதிரி அரிய சோல் பாட்டுகளுக்கு ஆடுவதற்கென்றே கூட்டம் கூடுவதாகவும், அசல் கிடைக்காததால் சிலர் அதைப் பார்த்து அப்படியே கள்ளத்தனமாக அச்சடித்து விற்பதாகவும் தெரிந்தது. கடலோடிகள் வழியாக அந்தப் போலிகளும் இங்கே வந்து சேர்ந்தன. அசலில் இருக்கும் அதே பேர், அதே படம், அதே நம்பர். எது அசல், எது போலி என்று பார்க்கக் கற்றுக்கொள்ளாவிட்டால் ஏமாற வேண்டியதுதான். நானும் ஏமாந்து ஏமாந்துதான் கற்றுக்கொண்டேன். அசலில் நடுக்காகிதத்தின் எழுத்து ஊசி முனைபோல இருக்கும், பார்த்து அடித்ததில் எழுத்து கொஞ்சம் உப்பியிருக்கும். அந்தக் காலத்து அமெரிக்கச் சின்னத் தட்டுகள் பல, கடினமான பிளாஸ்டிக். நகத்தால் சுண்டினால் பீங்கான் கோப்பைபோலக் கிணுங்கும். போலிகள் பெரும்பாலும் கனமாக, சுண்டினால் ஊமையாக இருக்கும். பாட்டு முடிந்த பிறகு முள் சும்மா ஓடும் வழவழப்பான வளையத்தில் ஒரு நம்பர் இருக்கும். சிலவற்றில் எந்திரம் குத்தியிருக்கும், சிலவற்றில் யாரோ கையால் கிறுக்கியிருப்பார்கள். கையால் எழுதியதெல்லாம் போலி என்று சொல்லிவிட முடியாது. அசலில் எது இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும்.

இதெல்லாம் கண்ணும் விரலும் பார்க்கும் வேலை. காதுக்கான வேலையை அண்ணிதான் கண்டுபிடித்தார். நான் ஆசையாகக் கொண்டுவந்த ஏதோ ஒரு தட்டைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவர், "தம்பி, இதுல ரெண்டு லைன் இருக்கு," என்றார். எனக்குப் புரியவில்லை. முள்ளைத் தூக்கிவிட்டு அந்த இடத்தை வெளிச்சத்தில் காட்டினார். பாட்டில் படபடவென்று பொரிகிறது, தட்டில் ஒரு பொட்டுத் தூசிகூட இல்லை. "இந்தச் சத்தம் இந்த ரெக்கார்டோடது இல்ல. இத எதுலருந்து காப்பி எடுத்தானோ, இதப் பெத்த அந்த அம்மா ரெக்கார்டோடது. அது பழசு, தேஞ்சது. டிரங்க் கால்ல கிள்ளான் இரைச்சல் ஈப்போ வரைக்கும் கூடவே போகுமில்ல? அது மாதிரி." கள்ள அச்சுக்காரர்களிடம் அசல் நாடா கிடையாது, பழைய தட்டு ஒன்றைப் போட்டுத்தான் பிரதி எடுக்கிறார்கள், அதனால் அதன் கீறலும் சேர்ந்து வருகிறது என்பதை நான் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் படித்தது அதற்குப் பல வருடம் கழித்து. அண்ணி ஹெட்போன் பழக்கத்தில், முடி காயவைத்துக்கொண்டே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தச் சொல் நிலைத்துவிட்டது. புதுத் தட்டு வந்தால், "இதோட அம்மா எப்படி?" என்றுதான் கேட்டுக்கொள்வோம். வெளியூரிலிருந்துகூட ஆட்கள் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் மாடியேறி வந்தார்கள். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்வேன், அண்ணி காதால் கேட்டதைச் சொல்வார். ஒருமுறைகூட அவர் தவறியதாக எனக்கு நினைவில்லை. நான் தவறியிருக்கிறேன்.

எங்கள் தட்டு மட்டும் எங்கேயும் கிடைக்கவில்லை. சிடி வந்து, ஆட்கள் இசைத்தட்டுகளைக் குப்பையில் போடத் தொடங்கிய காலத்தில்தான் அது என் கண்ணில் பட்டது. கிள்ளானில் பழைய சாமான் கடை வைத்திருந்த சீனர் ஒருவர், கடலோடிகள் வந்துபோகும் பப் ஒன்றை மூடியபோது எடுத்த பெட்டியை எனக்காக ஒதுக்கி வைத்திருந்தார். "பாகுஸ், பாஸ்! அருமையான சரக்கு. எல்லாம் நல்ல கண்டிஷன்," என்றார். நாலைந்து தட்டுக்குக் கீழே அதே கம்பெனி, அதே பெண்ணின் பேர். அவசரமாக உருவியதில் மேலே இருந்த தட்டுகள் சரிந்து விழுந்தன. வெளிச்சத்துக்கு எடுத்துப் போனதும் அந்த அவசரம் அடங்கிவிட்டது. எழுத்து உப்பியிருந்தது. சுண்டினேன், ஊமை. எங்கள் தட்டின் வளையத்தில் எந்திரம் குத்திய நம்பர் இருந்தது எனக்கு நன்றாகத் தெரியும், இதில் யாரோ ஆணியால் கிறுக்கியதுபோல இருந்தது. சந்தேகமில்லாத போலி. அண்ணியிடம் போலியைக் கொண்டுபோய்க் கொடுப்பதில்லை என்று ஒரு வைராக்கியம் எனக்கு இருந்தது. ஆனாலும் கீழே வைக்க மனம் வரவில்லை. பாட்டையாவது கேட்கட்டுமே என்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

"அண்ணி, இது டூப்ளிகேட்டுதான். முன்னாடியே சொல்லிடறேன்," என்று நீட்டினேன். ஞாயிற்றுக்கிழமை காலை. தலை ஈரமாக இருந்தது. எழுத்தைப் பார்த்ததும் பிளேயரைத் துடைத்துத் தட்டைப் போட்டார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அந்தக் குரல் அந்த வீட்டுக்குள் வந்தது. முதல் சரணம் போனது. இரண்டாவதில் குரல் இறங்கி, மத்தளம் மட்டும் நின்றது.

டிக், டிக், டிக்.

மூன்றாவது மெலிதாக விழுந்து, வாலில் ஸ்ஸ் என்று இழுத்தது.

அண்ணி முள்ளைத் தூக்கினார். தட்டை எடுத்துக்கொண்டு சன்னலுக்குப் போய் அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்தார். நானும் பார்த்தேன். கீறல் இல்லை. நகத்தை மெதுவாக ஓட்டினார், எங்கும் தடுக்கவில்லை. திரும்பப் போட்டார். டிக், டிக், டிக், ஸ்ஸ். மூன்றாம் முறையும் போட்டார். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"தம்பி," என்றார். "இதோட அம்மா யாருன்னு எனக்குத் தெரியும்."

அந்த ஒயர்லெஸ் ஆபீசர் அதை விற்றாரா, கடன் கொடுத்தாரா, யாரிடமாவது பறிகொடுத்தாரா, தெரியாது. எப்படியோ கைமாறிக் கைமாறி ஒரு கள்ள அச்சுக்காரனிடம் அது போயிருக்கிறது. அவன் அதைப் போட்டுப் பிரதி எடுத்திருக்கிறான். எத்தனை நூறு அடித்தானோ! ஒரு துணிப் பையின் வார் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடியில் பட்ட சத்தம், எங்கெங்கோ குளிர்நாடுகளில், நாங்கள் பார்க்காத வீடுகளில், ஆட்கள் ஆடுகிற கூடங்களில், அதே இடத்தில் மூன்று முறை தட்டிக்கொண்டிருந்திருக்கிறது. நான் போய் நிற்காத ஊரிலெல்லாம் என் அண்ணன் அவசரமாகப் பையைத் தூக்கியிருக்கிறார். கோவிலில்கூட அப்படியொரு சிலிர்ப்பு எனக்கு ஏற்பட்டதில்லை.

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன், சிரித்துக்கொண்டிருந்தார். "வெக்கமா இருக்கு தம்பி. உங்கண்ணன் உடைச்சது உலகம் பூரா கேக்குது. நான் கத்துனதும் அதுக்குள்ள போயிருக்குமோ?"

"அதெல்லாம் போகாது அண்ணி. முள்ளு கீறுனது மட்டுந்தான் போகும்."

"நல்ல வேள," என்றார். "அந்தக் கத்தல்தான் நான் அவர்கிட்ட பேசின கடைசிப் பேச்சு. அதுக்கப்புறம் யாரு வீட்ட விட்டுப் படியிறங்கினாலும் எனக்குத் திட்ட வாயே வரல. நீ அன்னிக்கு வந்து சொன்னப்பகூட வரல."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அத்தனை வருடமாக அவர் என்னை மன்னித்துவிட்டார் என்று ஒரு நாளும், வெறுத்துவிட்டார் என்று மறுநாளும் நினைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். அவரோ நானும் படியிறங்கிப் போய்த் திரும்பாமல் இருந்துவிடுவேனோ என்று பயந்திருக்கிறார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போது அண்ணி எழுந்து நின்று, இடுப்பில் கையை வைத்தார்.

"ஆனா ஒன்னு கேக்கறேன். அடுத்தவங்க பொருள எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேக்கணும்னு தெரியாது? மழ வரும்னு நம்பி எவனாவது கப்பல்ல கொண்டுபோய்க் குடுப்பானா? கண்ணு என்ன பொடனியிலயா இருந்துச்சு?"

மாடியே அதிர்ந்தது. கீழே பூக்கடைக்காரர் வெளியே வந்து மேலே பார்த்தார். அண்ணி நிறுத்தவில்லை. பதினைந்து வருடத்துக்கு மேல் சேர்ந்துபோயிருந்த திட்டு எல்லாம் அன்று ஒரே மூச்சில் வந்தது. நான் கண்ணில் நீர் வழிய உட்கார்ந்து முழுவதையும் வாங்கிக்கொண்டேன். இவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் வாங்கியதில்லை.

இப்போது அண்ணியும் செமினியில் என் வீட்டில்தான் இருக்கிறார். காது மந்தமாகிவிட்டது. டெலிபோன் மணியே சரியாகக் கேட்காது. என்னையும், என் மனைவியையும், தபால்காரரையும் தாராளமாகத் திட்டுகிறார். போன மாதம் வந்த அந்தப் பையன் சும்மா வரவில்லை. அதே பாட்டின் அசல் தட்டை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, சரியானதுதானா என்று என்னிடம் காட்ட எடுத்து வந்திருந்தான். ஊசி முனை எழுத்து. எந்திரம் குத்திய நம்பர். சுண்டினால் கிணுங்கியது. பிறகு வந்த அத்தனை போலிக்கும் முன்னால் பிறந்தது, கீறலில்லாத அசல். "ஒரிஜினல்தான் தம்பி," என்றேன். அவன் முகம் மலர்ந்துபோனது. அண்ணிக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டிப் போட்டோம்.

அண்ணி பிளேயரின் மரப்பலகைமேல் விரல்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் சரணம் போனது. இரண்டாவதில் குரல் இறங்கியது, மத்தளம் மட்டும் நின்றது. அந்த இடம் ஒன்றும் நடக்காததுபோலச் சுத்தமாகக் கடந்துபோகப் பார்த்தது. அண்ணி நிமிர்ந்து பார்த்தார். பிறகு விரலை மடக்கிப் பலகையில் தட்டினார். ஒன்று, இரண்டு. மூன்றாவதை மெதுவாகத் தட்டி, விரலை அப்படியே கொஞ்சம் இழுத்தார்.

"பொடனியிலதான் கண்ணு," என்றார். யாரைச் சொல்கிறார் என்று புரியாமல் அந்தப் பையன் என்னைப் பார்த்தான். நான் இழுப்பறையைத் திறந்து எங்கள் தட்டை எடுத்தேன்.